எட்டு எட்டாக எண்ணிப் பார்ப்போமா?



இந்தத் தடவை சுவர் இதழில் கணக்குப் பக்கம் எழுத வேண்டியது என் முறை. எட்டடிமான எண்கள் பற்றி எழுதப் போகிறேன். பெயரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள்! எங்கள் வீட்டில் ஆறு மாதம் நடந்த ஒரு சண்டை இந்த எண்களால்தான் தீர்ந்தது. அதனால் முதலில் சண்டையைச் சொல்லிவிட்டு அப்புறம் கணக்குக்கு வருகிறேன். (அப்பாவிடமும் அத்தையிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

நோட்டில் வைத்த புள்ளி

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் போர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. கடலைக்குத் தண்ணீர் விட வேண்டிய நேரம். கையில் பணம் இல்லை. அத்தை (அப்பாவுடைய தங்கை) தன் கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்து, "அண்ணே, இதை அடகு வெச்சு மோட்டாரைச் சரி பண்ணு, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, நோட்டுல எழுதி வை" என்றார்கள். அத்தை "ரெண்டு பவுன் அஞ்சு கிராம்" என்று சொன்னார்கள். நான் இப்படி எழுதினேன்:

அத்தை செயின் – 2.5

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வட்டி கட்ட முடியவில்லை. நகை மூழ்கிப் போய்விட்டது. "பவுனாவே திருப்பித் தந்துடறேம்மா" என்று அப்பா அத்தையிடம் வாக்குக் கொடுத்தார். இந்த வருஷம் கடலை விற்ற பணத்தில் 20 கிராம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அத்தை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு கிராம் குறையுதே?" என்றார்கள்.

அப்பா நோட்டை எடுத்துக் காட்டினார். "ரெண்டரைன்னு இருக்கு பாரு. ரெண்டரைப் பவுனுன்னா இருபது கிராம். உன் மருமக கையெழுத்துதான்."

அத்தை விரலை மடக்கிச் சொன்னார்கள். "நான் ரெண்டு பவுன் அஞ்சு கிராம்னு சொல்லித்தானே கொடுத்தேன்? ரெண்டெட்டுப் பதினாறு, அதோட அஞ்சு, இருபத்தொண்ணு."

அன்று அத்தை சாப்பிடாமலே போய்விட்டார்கள். ஊர்த் திருவிழாவுக்கும் வரவில்லை. ஒரு கிராம் தங்கம் என்பது எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. ஆனால் சண்டை கிராமுக்காக இல்லை. 'நான் பொய் சொல்றேனா?' என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டார்கள். அதுதான் பிரச்சினை.

இதில் யார் பொய் சொன்னது? யாருமே இல்லை! எப்படி என்று பார்ப்போம்.

பத்துக் கட்டு, எட்டுக் கட்டு

பக்கத்து வீட்டு அக்கா பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படிக்கிறார். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "எட்டடிமான எண் முறையில் 0 முதல் 7 வரை எட்டு இலக்கங்கள் மட்டுமே உண்டு. எட்டு சேர்ந்துவிட்டால் அடுத்த இடத்துக்கு ஒன்று போகும்." இதற்கு ஆக்டல் என்றும் பெயர் என்று அக்கா சொன்னார்.

எனக்கு உடனே, 'அட, இது பவுன் மாதிரியே இருக்குதே!' என்று தோன்றியது.

நாம் ஒன்றாம் வகுப்பில் குச்சிகளை வைத்து எண்ணினோம், ஞாபகம் இருக்கிறதா? பத்துக் குச்சி சேர்ந்தால் ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. அதனால்தான் 25 என்று எழுதினால் இரண்டு கட்டு, ஐந்து குச்சி என்று அர்த்தம். இது பத்தடிமானம். கைவிரல் பத்து இருப்பதால் நமக்கு இதுவே பழகிவிட்டது.

தங்கத்தில் அப்படி இல்லை. எட்டு கிராம் சேர்ந்தால் ஒரு பவுன். யாராவது "ஒரு பவுன் ஒன்பது கிராம்" என்று சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். "ரெண்டு பவுன் ஒரு கிராம்" என்றுதான் சொல்வார்கள். பவுனுக்குப் பின்னால் வரும் கிராம் 0, 1, 2, 3, 4, 5, 6, 7 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 8, 9 வராது. ஆம், நம் அம்மாக்கள் எல்லாருக்கும் எட்டடிமானம் தெரியும்!

எட்டடிமானத்தில் எழுதினோம் என்று காட்ட, எண்ணை அடைப்புக்குள் போட்டுக் கீழே சின்னதாக 8 போட வேண்டும். அத்தையின் செயின் (25)₈ கிராம். அதாவது 2 × 8 + 5 = 21 கிராம்.

இதை 'இருபத்தைந்து' என்று வாசிக்கக் கூடாது. 'இரண்டு, ஐந்து, அடிமானம் எட்டு' என்று வாசிக்க வேண்டும்.

பாட்டியின் படியும் மரக்காலும்

பவுனில் இரண்டு இடம்தான் இருக்கிறது. மூன்று இடம் உள்ள எட்டடிமானம் வேண்டுமானால் பழைய முகத்தல் அளவைக் கணக்கைப் பாருங்கள்.

2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 படி (நாழி)
8 படி = 1 மரக்கால் (குறுணி)

படியின் அளவு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் வாய்பாடு இதுதான். இதில் ஒரு படிக்கு 8 ஆழாக்கு. ஒரு மரக்காலுக்கு 8 படி. அப்படியானால் ஒரு மரக்காலுக்கு 64 ஆழாக்கு. எட்டடிமானத்தின் இட மதிப்பும் இதேதான்: 1, 8, 64, அதற்கு மேல் 512, 4096 என்று எட்டால் பெருகிக்கொண்டே போகும்.

பாட்டி "ஒரு மரக்கா, ரெண்டு படி, மூணு ஆழாக்கு நெல்லு" என்று சொன்னால் அது (123)₈ ஆழாக்கு. நம் கணக்கில் 64 + 16 + 3 = 83 ஆழாக்கு.

1956இல் எடை அளவுச் சட்டம் வந்தது. அதன் பிறகு லிட்டரும் கிலோவும் நடைமுறைக்கு வந்தன. எல்லாம் பத்தடிமானம் ஆகிவிட்டது. பவுன் மட்டும் இன்னும் எட்டிலேயே நிற்கிறது.

நம் எண்ணை எட்டடிமானத்துக்கு மாற்றுவது எப்படி?

ரொம்ப சுலபம். எட்டால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். ஒரு வருஷத்துக்கு 365 நாள். அதை மாற்றிப் பார்ப்போம்.

365 ÷ 8 = 45, மீதி 5
45 ÷ 8 = 5, மீதி 5
5 ÷ 8 = 0, மீதி 5

விடை (555)₈. என்ன அழகு பாருங்கள்! சரியா என்று சோதிப்போம்: 5 × 64 = 320, 5 × 8 = 40, 5. மொத்தம் 365. சரி.

கூட்டலும் அப்படித்தான். எட்டு சேர்ந்தால் ஒன்றைப் பக்கத்து இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 1 பவுன் 6 கிராமையும் 2 பவுன் 5 கிராமையும் கூட்டினால்:

6 + 5 = 11. அதில் 8 போனால் 3. கையில் 1.
1 + 2 + 1 = 4.
(16)₈ + (25)₈ = (43)₈

அதாவது 4 பவுன் 3 கிராம். 14 + 21 = 35 கிராம். சரியாக வருகிறது. இதையே 1.6 + 2.5 என்று தசம எண்ணாகக் கூட்டினால் 4.1 வரும். தப்பு! கால்குலேட்டரில் பவுன் கணக்குப் போடும்போது எல்லாரும் இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எட்டடிமான எண்ணின் குணங்கள்

இப்போதுதான் சுவையான பகுதி. ஒரு முழு எண்ணை எட்டடிமானத்தில் எழுதினால், பத்தடிமானத்தில் கண்ணுக்குத் தெரியாத சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும்.

குணம் 1: கடைசி இலக்கமே போதும்

நம் எண் 8-ஆல் வகுபடுமா என்று பார்க்கக் கடைசி மூன்று இலக்கங்களை எடுத்து வகுத்துப் பார்க்க வேண்டும். எட்டடிமானத்தில் கடைசி இலக்கம் 0 என்றால் 8-ஆல் வகுபடும். அவ்வளவுதான். கடைசி இலக்கம் 0 அல்லது 4 என்றால் 4-ஆல் வகுபடும். 0, 2, 4, 6 என்றால் இரட்டை எண். 1, 3, 5, 7 என்றால் ஒற்றை எண்.

குணம் 2: ஏழுக்கு ஒரு குறுக்கு வழி

நம் எண்களில் இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுபடுமா என்று பார்ப்போம் அல்லவா? எட்டடிமானத்தில் அதே வழி 7-க்கு வேலை செய்யும். காரணம் இதுதான். ஒரு பவுனிலிருந்து 7 கிராமை எடுத்தால் 1 கிராம் மிஞ்சும். 64-இல் 63-ஐ எடுத்தால் (63 = 7 × 9) 1 மிஞ்சும். 512-இல் 511-ஐ எடுத்தால் (511 = 7 × 73) 1 மிஞ்சும். ஆக ஒவ்வொரு கட்டிலும் ஒன்று ஒன்றாக மிஞ்சுகிறது. மிஞ்சியதை எல்லாம் கூட்டினால் அதுதான் இலக்கங்களின் கூடுதல்!

365 = (555)₈. 5 + 5 + 5 = 15. 15-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியானால் 365-ஐ 7-ஆல் வகுத்தாலும் மீதி 1. வாரத்துக்கு 7 நாள். அதனால்தான் இந்த வருஷம் திங்கட்கிழமை வந்த பிறந்தநாள் அடுத்த வருஷம் செவ்வாய்க்கிழமை வருகிறது. லீப் வருஷத்தின் 366 நாள் (556)₈. கூடுதல் 16, மீதி 2. நடுவில் பிப்ரவரி 29 வந்தால் பிறந்தநாள் ஒரு கிழமையைத் தாண்டிக் குதிக்கும்.

அத்தை செயின் (25)₈. 2 + 5 = 7. ஆக 21 கிராமை ஏழு பேர் சமமாகப் பிரிக்கலாம்.

குணம் 3: ஒன்பதுக்குக் கூட்டல், கழித்தல்

8 என்பது 9-ஐ விட 1 குறைவு. 64 என்பது 63-ஐ விட (9 × 7) 1 அதிகம். 512 என்பது 513-ஐ விட (9 × 57) 1 குறைவு. இப்படிக் குறைவு, அதிகம் என்று மாறி மாறி வருகிறது. அதனால் வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒரு இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போனால் 9-ஆல் வகுபடுமா என்று தெரியும். (132)₈-ஐ எடுத்துக்கொள்வோம். 2 − 3 + 1 = 0. வகுபடும். சரிபார்த்தால் 64 + 24 + 2 = 90. ஆம்! நம் எண்களில் 11-க்கு இதே விதிதான்.

ஒரு எச்சரிக்கை!

பத்தடிமான விதிகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வீர்கள். (12)₈-இல் இலக்கங்களின் கூடுதல் 3. ஆனால் அதன் மதிப்பு 10. அது 3-ஆல் வகுபடாது. அதே (12)₈ 5-ஆல் வகுபடும். ஆனால் கடைசியில் 0-வும் இல்லை, 5-உம் இல்லை.

இதை யோசித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. சில குணங்கள் எண்ணுக்குச் சொந்தம். 21 என்பது ஒற்றை எண், அது 3 × 7. இதை எப்படி எழுதினாலும் மாறாது. சில குணங்கள் எழுத்துக்குச் சொந்தம். இலக்கத்தைக் கூட்டுவது, கடைசி இலக்கத்தைப் பார்ப்பது எல்லாம் எத்தனை எத்தனையாகக் கட்டினோம் என்பதைப் பொறுத்து மாறும்.

குணம் 4: ஒற்றை எண்ணின் வர்க்கம்

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஒற்றை எண்களின் வர்க்கத்தை எட்டடிமானத்தில் எழுதிப் பாருங்கள்.

3 × 3 = 9 = (11)₈
5 × 5 = 25 = (31)₈
7 × 7 = 49 = (61)₈
9 × 9 = 81 = (121)₈
11 × 11 = 121 = (171)₈
13 × 13 = 169 = (251)₈

எல்லாம் 1-இல் முடிகிறது! எவ்வளவு பெரிய ஒற்றை எண்ணாக இருந்தாலும் இப்படித்தான் முடியும். நம் பாடத்தில் உள்ள a² − b² சூத்திரமே இதற்குக் காரணம். n என்பது ஒற்றை எண் என்றால்

n² − 1 = (n − 1)(n + 1)

n − 1, n + 1 இரண்டும் அடுத்தடுத்த இரட்டை எண்கள். அடுத்தடுத்த இரண்டு இரட்டை எண்களில் ஒன்று கட்டாயம் 4-ஆல் வகுபடும். இன்னொன்று 2-ஆல் வகுபடும். பெருக்கினால் 8-ஆல் வகுபடும். அப்படியானால் n²-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1.

இன்னும் இருக்கிறது. கடைசியில் உள்ள அந்த 1-ஐ மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். 1, 3, 6, (12)₈ = 10, (17)₈ = 15, (25)₈ = 21. இவை முக்கோண எண்கள்! மார்கழிக் கோலத்துக்கு 1, 2, 3, 4 என்று வரிசையாகப் புள்ளி வைத்தால் வருகிற கூடுதல்: 1, 1+2, 1+2+3, 1+2+3+4...

கடைசியாக வந்த (25)₈-ஐப் பார்த்தீர்களா? அத்தை செயின்தான்! 13-இன் வர்க்கத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரட்டை எண்ணின் வர்க்கம் 0 அல்லது 4-இல் முடியும். ஆக எட்டடிமானத்தில் எந்த வர்க்க எண்ணும் 0, 1, 4 தவிர வேறு இலக்கத்தில் முடியாது.

உங்களுக்குத் தெரியுமா?

* 0, 1, 4 இவற்றில் எந்த மூன்றைக் கூட்டினாலும், எட்டால் வகுத்தால் மீதி 7 வரவே வராது. (கூட்டிப் பாருங்கள்!) அதனால் எட்டடிமானத்தில் 7-இல் முடியும் எண்ணை மூன்று வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது. நான்கு வேண்டும். 7 = 4 + 1 + 1 + 1. எந்த முழு எண்ணுக்கும் நான்கு வர்க்கம் போதும் என்று 1770இல் லாக்ராஞ்ச் என்ற கணித மேதை நிரூபித்தார்.

* அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த யூக்கி என்ற பழங்குடி மக்கள் எட்டு எட்டாக எண்ணினார்கள். அவர்கள் விரல்களை எண்ணவில்லை. விரல்களுக்கு நடுவில் உள்ள சந்துகளை எண்ணினார்கள். ஒரு கைக்கு நான்கு, இரண்டு கைக்கு எட்டு.

* விமானங்கள் தரைக் கட்டுப்பாட்டுக்கு அனுப்பும் அடையாள எண்ணில் நான்கு இலக்கங்கள் இருக்கும். எல்லாம் 0 முதல் 7 வரை மட்டுமே. மொத்தம் 8 × 8 × 8 × 8 = 4096 எண்கள். 7700 என்றால் ஆபத்து என்று அர்த்தம். 7600 என்றால் ரேடியோ வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

கம்ப்யூட்டருக்கு எட்டு எதற்கு?

கம்ப்யூட்டருக்கு 0, 1 இரண்டுதான் தெரியும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 101010001 என்று எழுதினால் நமக்குக் கண் சுற்றும். அதை மூன்று மூன்றாகப் பிரித்தால் 101, 010, 001. இதற்குப் பதில் (521)₈ என்று எழுதிவிடலாம். ஒரு எட்டடிமான இலக்கத்துக்குச் சரியாக மூன்று இருநிலை இலக்கம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2 × 2 × 2 = 8 என்பதுதான் காரணம்.

இதையும் பாட்டியின் அளவைகளிலேயே பார்க்கலாம். உரி என்பது 4 ஆழாக்கு, உழக்கு என்பது 2 ஆழாக்கு. இந்த மூன்று பாத்திரமும் ஒவ்வொன்று இருந்தால் போதும். 1 முதல் 7 ஆழாக்கு வரை எதையும் அளந்துவிடலாம், எந்தப் பாத்திரத்தையும் இரண்டு தடவை எடுக்க வேண்டியதில்லை.

5 ஆழாக்கு = உரி உண்டு, உழக்கு இல்லை, ஆழாக்கு உண்டு = 101
6 ஆழாக்கு = உரி உண்டு, உழக்கு உண்டு, ஆழாக்கு இல்லை = 110
7 ஆழாக்கு = மூன்றும் உண்டு = 111

1965இல் வந்த பிடிபி-8 என்ற கம்ப்யூட்டரில் ஒரு சொல்லுக்கு 12 இருநிலை இலக்கங்கள். அதை நான்கு எட்டடிமான இலக்கங்களாக எழுதினார்கள். இன்றைக்கும் லினக்ஸில் ஒரு கோப்பை யார் என்ன செய்யலாம் என்று சொல்ல 755, 644 என்று எட்டடிமான எண் கொடுக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் செய்யலாம் என்றால் 7. உரி, உழக்கு, ஆழாக்கு!

சண்டை எப்படித் தீர்ந்தது?

இதெல்லாம் புரிந்த பிறகு வீட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதே பக்கத்தில் நான் எழுதியது நான்கு வரி இருந்தது.

அம்மா தோடு – 0.4
அம்மா செயின் – 1.6
மோதிரம் – 0.2
அத்தை செயின் – 2.5

ஒரு வரியில்கூடப் புள்ளிக்குப் பின்னால் 8, 9 இல்லை. ஆனால் நான்கே வரிதானே, தற்செயலாகவும் அப்படி வரலாம். அதனால் இதைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. அம்மாவிடம் கேட்டேன். தோடு வாங்கிய பில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதில் எடை 4 கிராம் என்று போட்டிருந்தது. என் 0.4-ஐத் தசமமாக எடுத்தால் 0.4 × 8 = 3.2 கிராம்தான் வரும். ஆக நான் வைத்த புள்ளி தசமப் புள்ளி இல்லை. 'இந்தப் பக்கம் பவுன், அந்தப் பக்கம் கிராம்' என்று பிரிப்பதற்கு வைத்தது. தோட்டில் அப்படி எழுதியவள் அத்தை செயினுக்கு மட்டும் வேறு மாதிரி எழுதியிருப்பேனா?

அப்பாவிடம் பில்லையும் நோட்டையும் காட்டினேன். குச்சியை எட்டு எட்டாகக் கட்டியும் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கெளம்பு, அத்தை ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார்.

அத்தை வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா வண்டியை நிறுத்தியதும், "தப்பு எங்க பக்கம்தாம்மா. பாப்பா வெச்ச புள்ளியை நான் ரெண்டரைன்னு படிச்சுட்டேன்" என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிராம் கெடக்குதுண்ணே. என்னைப் பொய்க்காரின்னு நெனச்சியேன்னுதான் மனசு ஆறல" என்றார்கள். அன்று நாங்கள் அங்கேதான் சாப்பிட்டோம். அந்த ஒரு கிராமை அடுத்த கடலை எடுத்ததும் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். நோட்டில் நான் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை 'கிராம்' என்று எழுத்தால் எழுதியிருக்கிறேன்!

இன்னொன்று சொல்ல வேண்டும். எட்டடிமானத்திலும் புள்ளி வைக்கலாம். (2.5)₈ என்றால் இரண்டும் எட்டில் ஐந்து பங்கும். இரண்டு பவுன், அதோடு எட்டில் ஐந்து பவுன். சரியாக 21 கிராம்! ஆக என் புள்ளிகூடத் தப்பில்லை. கீழே அந்தச் சின்ன 8-ஐப் போடாததுதான் தப்பு. எத்தனை எத்தனையாக எண்ணினோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால், உண்மை சொல்லும் இரண்டு பேர் சண்டை போட வேண்டி வரும்.

அதனால் தோழர்களே, உங்கள் வீட்டிலும் நகைக் கணக்கு நீங்கள்தான் எழுதுகிறீர்கள் என்றால் பவுன், கிராம் என்று தனித்தனியாக எழுதுங்கள். முடிந்தால் மொத்தக் கிராமையும் பக்கத்தில் எழுதுங்கள்.

உங்களுக்கு மூன்று கேள்விகள்

1. எங்கள் வகுப்பில் (53)₈ பேர். நம் கணக்கில் எத்தனை பேர்?
2. (1234)₈-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி என்ன? (எண்ணை மாற்றாமலே கண்டுபிடிக்க வேண்டும்!)
3. எட்டடிமானத்தில் 5-இல் முடியும் ஒரு எண் வர்க்க எண்ணாக இருக்க முடியுமா? ஏன்?

விடைகளை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு டீச்சரிடம் கொடுங்கள். சரியாக எழுதியவர்கள் பெயர் அடுத்த இதழில் வரும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி
வயது (16)₈ (பயப்படாதீர்கள், மாற்றிப் பாருங்கள்!)